மூணாம்பாகம் படித்த அனந்தசயனம்

உலகத்தில் எழுதப்பட்ட எந்தக் கொலைக் கதையிலும் இதுவரை யாரும் சாகவில்லை என்று மனப்பூர்வமாக நம்பிய ஒரே வாசகர் ஓசூரில்தான் இருந்தார். அவருக்கு மூணாம்பாகம் என்று பெயர். சம்பளச் சீட்டில் வேறு ஏதோ பெயர் இருந்தது. அதை அவரே மாதம் ஒருமுறைதான் பார்த்தார்.

ஓசூர்க் குளிரை இப்போது சொன்னால் நம்ப மாட்டார்கள். அப்போதெல்லாம் மார்கழி, தை மாதங்களில் மூக்கண்டப்பள்ளித் தெருக்களில் விடிந்து வெகுநேரம் ஆன பிறகும் எதிரில் வருபவர் முகம் தெரியாது. நைட் ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் பனிக்குள்ளிருந்து ஒவ்வொருவராகப் பிறந்து வருவதுபோல வருவார்கள். முதலில் ஓர் எவர்சில்வர் டிபன் கேரியர் மட்டும் காற்றில் மிதந்து வரும். அதற்குப் பின்னால் ஒரு மங்கி குல்லாய். அதற்கும் பின்னால் மூணாம்பாகம். கேட்டைத் திறந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "யாராச்சும் பொழச்சாங்களா?" என்பதுதான்.

தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த ஓர் அம்மாள் இதைக் கேட்டுவிட்டு, எங்கள் அறையில் யாரோ கவலைக்கிடமாகக் கிடக்கிறார்கள் என்று நினைத்து ரசம் வைத்துக் கொடுத்து அனுப்பினார். நாங்கள் குடித்துவிட்டோம்.

நான் அந்த அறைக்கு வந்தது எந்த வருடம் என்பதில் எங்களுக்குள் தகராறு உண்டு. அறைத் தோழன் தேவகோட்டை இன்றைக்கும் 2005 என்று சாதிக்கிறான். இல்லை. நான் வந்தபோது கிருஷ்ணகிரி தனி மாவட்டமாக ஆகியிருக்கவில்லை. முகவரியில் தருமபுரி மாவட்டம் என்றுதான் எழுதினோம். எனவே 2003-க்குப் பிந்தி இருக்க முடியாது. தேதி விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. மற்ற எல்லாவற்றிலும் விட்டுக்கொடுத்துப் பழகிவிட்டது. ஏனென்றால் அது மூன்று பேருக்கு இரண்டு கட்டில் உள்ள அறை.

அந்த ஊரில் அது கஞ்சத்தனம் அல்ல, கணக்கு. நானும் தேவகோட்டையும் வேறு வேறு தொழிற்சாலைகள். ஒரு வாரம் நான் காலை ஷிப்ட், அவன் மதிய ஷிப்ட். அடுத்த வாரம் மாறும். மூணாம்பாகம் மட்டும் நிரந்தரமாக நைட் ஷிப்ட். எழுதிக் கொடுத்துக் கேட்டு வாங்கியது. அவருக்குச் சொந்த ஊர் தளி பக்கம், கோஸும் ரோஜாவும் விளைகிற குளிர் பூமி. ஆனால் குளிர் என்றால் ஆகாது. கம்பெனியிலேயே சூடான இடம் ஃபர்னஸ், இருபத்துநாலு மணி நேரத்தில் அதிகக் குளிர் ராத்திரி, எனவே ராத்திரி ஃபர்னஸ் என்று முடிவு செய்திருந்தார். ஆக, எந்த நேரத்திலும் மூவரில் ஒருவர் வேலையில் இருப்பார். தலையணை ஆறுவதற்குள் அடுத்த தலை வந்துவிடும். மூன்று பேரும் சேர்ந்து இருப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும். அன்றைக்கு ஒருவருக்குத் தரை.

கட்டிலைப் பகிர்ந்ததுபோலத்தான் பவழமல்லனையும் பகிர்ந்தோம்.

பவழமல்லனைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மாதம் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தவர். சாணித்தாள், இரண்டு பின், ரயில் பயணத்துக்கு அளவான கதை. அட்டையில் எப்போதும் ஒரு பெண் அலறிக்கொண்டிருப்பாள். உள்ளே அப்படி ஒரு பெண் வரவே மாட்டாள். அவருடைய துப்பறிவாளர் அனந்தசயனம், சர்வே இலாகாவில் ஓய்வு பெற்றவர். அவரிடம் துப்பாக்கி கிடையாது, கறுப்புக் கண்ணாடி கிடையாது. கொலை நடந்த இடத்துக்குப் போனதும் தோளில் கிடக்கும் துண்டை உதறி விரித்து, செத்தவர் கிடந்த அதே இடத்தில் அதே வாட்டத்தில் படுத்துக் கண்ணை மூடிக்கொள்வார். போலீஸ்காரர்கள் சுற்றிலும் ஓசைப்படாமல் நிற்பார்கள். வெளியே மழை பெய்யும். பவழமல்லனின் கதைகளில் யாராவது படுத்தால் மழை பெய்தே தீரும். எழுந்ததும் சர்க்கரை குறைவாக ஒரு காபி கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, "இவர் கடைசியாப் பார்த்தது வாசலை இல்லை, ஜன்னலை" என்பதுபோல எதையாவது சொல்வார்.

கடைசி அத்தியாயத்தில் சந்தேகத்துக்குரிய எல்லோரையும் ஓர் அறையில் நிற்க வைத்துப் பேசுவார். குற்றவாளியை விரல் நீட்டிக் காட்ட மாட்டார். ஒருவரை மட்டும் பார்த்து, மிகுந்த மரியாதையோடு, "நீங்க உட்காருங்க" என்பார். அவ்வளவுதான். நின்றுகொண்டு கேட்க முடியாத செய்தியைக் கேட்கப் போகிறவருக்கு முதலில் ஒரு நாற்காலி கொடுக்க வேண்டும் என்பது அனந்தசயனத்தின் கொள்கை. நான் எத்தனையோ நாட்டுத் துப்பறிவாளர்களைப் படித்தவன். கொலைகாரனின் முழங்காலைப் பற்றிக் கவலைப்பட்டவர் இவர் ஒருவர்தான்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சலீம் பாய் கடை வைத்திருந்தார். முன்னால் புதுப் பத்திரிகைகள் தொங்கும், பின்னால் பழைய பேப்பர் எடைக்கு எடுப்பார். புது அனந்தசயனம் வந்தால் எங்களுக்கு ஒரு பிரதி ஒதுங்கிவிடும். அறைக்கு வந்ததும் முதல் சண்டை: யார் முதலில் படிப்பது. ஒருவன் படித்து முடிக்கும்வரை மற்றவர்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஒருநாள் தேவகோட்டை ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் பின்னை நெம்பினான். நாவலைச் சரியாக மூன்றாகப் பிரித்தான். ஒவ்வொரு பாகத்தின் முதுகிலும் கம்பெனி இன்சுலேஷன் டேப்பை ஒட்டினான். "ஆளுக்கு ஒண்ணு. முடிச்சதும் மாத்திக்கிருவோம்" என்றான். நாங்கள் ரேஷன் கடை வரிசையில் வளர்ந்தவர்கள். முதல் பாகத்தை அவன் எடுத்துக்கொண்டான், இரண்டாம் பாகத்தை நான் பிடுங்கிக்கொண்டேன். காலையில் பனிக்குள்ளிருந்து வந்த ஃபர்னஸ் அண்ணாவுக்கு மிச்சமிருந்தது மூன்றாம் பாகம்.

மனிதர் குல்லாயைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். மூன்றாம் பாகத்தைப் படித்தார். அப்புறம் என்னிடமிருந்து இரண்டாம் பாகத்தை வாங்கிப் படித்தார். அடுத்து முதல் பாகம். அது முடிந்தபோது நான் ஷிப்ட் முடிந்து உள்ளே நுழைந்துகொண்டிருந்தேன். கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"பதுக்கித்தாரெ" என்றார்.

வீட்டில் அவர்களுக்குக் கன்னடம்தான் பேச்சு. மனசு கலங்கினால் தமிழ் பின்னால் போய்விடும். என்னண்ணா என்று கேட்டேன்.

"உசுரோட இருக்காருங்க. மில்லு முதலாளி. காலங்காத்தால எந்திரிச்சு, பேத்திக்குத் தலை பின்னிவுட்டு, காபி குடிச்சுட்டு, செருப்பு மாட்டிக்கினு வாசல்ல நிக்கறாரு. ஒண்ணும் ஆவல."

நானும் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த தேவகோட்டையும் விளக்க முயன்றோம். அண்ணா, அதற்கு அப்புறம்தான் அவர் செத்துப்போகிறார், நீங்கள் பின்னாலிருந்து வந்திருக்கிறீர்கள் என்றோம். அவர் பொறுமையாகக் கேட்டார். அப்புறம் ஒரு விஷயம் சொன்னார். நான் படித்த எந்த விமரிசனமும் அதற்குக் கிட்டே வராது.

"நீங்க படிக்கறப்ப கடைசில எல்லாரும் சந்தேகத்துல கெட்டுப் போயிட்றாங்க. நான் படிக்கறப்ப கொஞ்சம் கொஞ்சமா நல்லவங்களா ஆயிட்டே வர்றாங்க. கடைசில யார் மேலயும் ஒரு தப்பும் இல்ல. எது கதைன்னு நீங்களே சொல்லுங்க."

அன்று முதல் அவர் மூணாம்பாகம். எத்தனையோ முறை முதல் பாகத்தைக் கொடுத்துப் பார்த்தோம். கையால்கூடத் தொட மாட்டார். "அது என் க்ளைமாக்ஸ்" என்பார்.

இங்கே பவழமல்லனைப் பற்றி ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும். அவருடைய நாவல்களின் முதல் அத்தியாயம் சாகப்போகிறவரின் கடைசிக் காலைப்பொழுது. அவர் எப்படிப் பல் தேய்த்தார், எந்தப் பொத்தானைப் போட மறந்தார், பக்கத்து வீட்டு நாயிடம் என்ன பேசினார் என்று பக்கம் பக்கமாகப் போகும். வாசகர் கடிதங்களில் எல்லோரும் திட்டுவார்கள். விறுவிறுப்பு இல்லை, இழுக்கிறார் என்பார்கள். நானே அந்த இடத்தைப் புரட்டிவிட்டுப் பிணம் விழும் பக்கத்துக்கு ஓடியவன்தான். மூணாம்பாகம் சொல்லித்தான் திரும்பிப் படித்தேன். அந்த மனிதர் கொலையை எழுதக் காசு வாங்கிக்கொண்டு, வாழ்க்கையை எழுதிக்கொண்டிருந்தார். இது தமிழ்நாட்டில் ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது. காரணம், அவருக்கு மட்டும் அது கடைசியில் வந்தது.

இந்த வழக்கம் நாவலோடு நிற்கவில்லை. சினிமாவுக்கும் அப்படித்தான் போனார். மேட்னி காட்சிக்கு இடைவேளை முடிந்ததும் உள்ளே நுழைவார். மாலைக் காட்சிக்கு இன்னொரு டிக்கெட் எடுத்து முதல் பாதியைப் பார்ப்பார். மாலைக் காட்சி இடைவேளையில் ஊரே முறுக்குக்கும் சோடாவுக்கும் அடித்துக்கொள்ளும்போது, இவர் மட்டும் பரம திருப்தியோடு வீட்டுக்கு நடந்து வருவார். டிக்கெட் கிழிக்கிறவர் முதலில் சந்தேகப்பட்டார், அப்புறம் பரிதாபப்பட்டார், கடைசியில் ஒருநாள் தானும் அப்படியே பார்த்துவிட்டு, "வில்லன் கொழந்தையா ஆயிட்டான்யா" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாராம்.

"உட்காருங்க" என்ற சொல் எங்கள் அறையில் தடை செய்யப்பட்டது. யார் வந்தாலும் நிற்க வைத்துத்தான் பேசுவோம். என் மாமா ஒருவர் விருதுநகரிலிருந்து வந்து, நின்றபடியே காபி குடித்துவிட்டு, நின்றபடியே குடும்ப விஷயம் பேசிவிட்டு, ஊருக்குப் போய் நான் கெட்டுப்போய்விட்டதாகச் சொன்னார். இது பரவாயில்லை. மூணாம்பாகத்தைக் கம்பெனி அலுவலகத்தில் ஒருநாள் கூப்பிட்டார்கள். பத்து வருடம் ஒழுங்காக வேலை பார்த்ததற்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுக்கத்தான். அதிகாரி சிரித்த முகத்தோடு, "வாங்க, உட்காருங்க" என்றிருக்கிறார். இவர் முகம் வெளுத்து, கதவைப் பிடித்துக்கொண்டு, "சத்தியமா நான் இல்லைங்க" என்றிருக்கிறார். கடிகாரத்தை வேறொரு நாள் தபால் போலக் கொடுத்து அனுப்பினார்கள்.

இன்னொரு சம்பவம். ஃபர்னஸில் ஒரு லாட் சரக்கு முழுக்கப் பாழாகி வந்தது. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. மூணாம்பாகம் துண்டை உதறி விரித்து, ஃபர்னஸ் பக்கத்தில் படுத்துக் கண்ணை மூடினார். காலை ஷிப்ட் உள்ளே வருகிற நேரம். வந்தவர்கள் ஆள் விழுந்துவிட்டான் என்று அலற, ஸ்ட்ரெச்சர் வந்து, டிஸ்பென்சரியில் படுக்க வைத்து, குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, ஓய்வெடுக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அறைக்கு வந்தவரிடம் நான், என்ன கண்டுபிடித்தீர்கள் என்று ஆவலாகக் கேட்டேன். வெகுநேரம் யோசித்துச் சொன்னார். "அனந்தசயனத்துக்குப் படுத்தா யோசனை வருது. எனக்குத் தூக்கம் வந்துடுச்சுங்க. கதகதன்னு இருந்துது."

பவழமல்லன் இறந்த செய்தி 2006-இன் மழைக்காலத்தில் வந்தது. பேப்பரில் உள்பக்கத்தில் சின்னதாக, படம்கூட இல்லாமல். சலீம் பாய் அந்தத் துண்டை வெட்டிக் கடையில் கயிற்றில் கிளிப் போட்டு மாட்டியிருந்தார். புதுப் பத்திரிகைகளுக்கு நடுவில் அதுவும் காற்றில் ஆடியது. கொஞ்ச நாளில் கடைசி நாவல் வந்தது. 'சிக்னல் விழவில்லை' என்று தலைப்பு. எடுக்கும்போதே கைக்கு லேசாக இருந்தது. கடைசிப் பக்கத்தில் பதிப்பாளரின் வரி ஒன்று: ஆசிரியரின் எழுத்து இத்துடன் நிற்கிறது.

மலையடிவாரத்தில் ஒரு சின்ன ரயில் நிலையம். ராயக்கோட்டை ஸ்டேஷனைப் பார்த்துத்தான் எழுதியிருப்பார் என்பது எங்கள் கட்சி. அதன் ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு காலையில் இறந்து கிடக்கிறார். டாக்டர், மைத்துனன், தக்காளி மண்டிக்காரர் என்று மூன்று பேர்மேல் சந்தேகம். அனந்தசயனம் பிளாட்பாரத்தில் படுக்கிறார், எழுகிறார், காபி குடிக்கிறார். எல்லோரையும் வெயிட்டிங் ரூமுக்கு வரச் சொல்கிறார். அங்கே நின்றுபோகிறது.

தேவகோட்டை அதை இரண்டாகத்தான் பிரிக்க முடிந்தது. முதல் பாகம் அவன், இரண்டாம் பாகம் நான். ஞாயிற்றுக்கிழமை காலையில் டிபன் கேரியர் மிதந்து வந்தது. கேட் திறந்தது. யாராச்சும் பொழச்சாங்களா என்று கேட்டவர், எங்கள் இருவர் கையையும் பார்த்தார். அப்புறம் காலியாக இருந்த தன் கட்டிலைப் பார்த்தார்.

"எனக்கு?"

சொன்னோம். பதிப்பாளரின் வரியைக் காட்டினோம். இரண்டாம் பாகத்திலிருந்தே தொடங்குங்கள், பின்னாலிருந்து படித்ததாகத்தானே ஆகும் என்றேன் நான்.

"ஆகாதுங்க" என்றார். "கொன்னவன் யாருன்னு தெரியாம செத்தவர எழுப்பக் கூடாது. அவரு பாட்டுக்கு எந்திரிச்சு வந்து, அவனோடயே உக்காந்து காபி குடிப்பாரு. எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. அந்தப் பாவம் எனக்கு வேணாம்."

அன்று அவர் தூங்கவில்லை. மறுநாளும் அதே கதைதான். வேலைக்குப் போய் வந்தார், சாப்பிட்டார். ஆனால் கேட்டைத் திறக்கும்போது எதுவும் கேட்கவில்லை. தெருவில் அந்த அம்மாள்கூட, உங்கள் வீட்டு நோயாளிக்கு எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டார். இருப்பதிலேயே மோசமான நிலையில் இருந்த நோயாளி, பிளாட்பாரத்தில் கிடந்த அந்த ஸ்டேஷன் மாஸ்டர்தான். அவரை எழுப்ப உலகத்திலேயே ஒருவரால்தான் முடியும். அவரிடம் மூன்றாம் பாகம் இல்லை.

அந்த வார நடுவில் மூணாம்பாகம் கட்டிலுக்கடியில் இருந்த அனந்தசயனம் நாவல்கள் அத்தனையையும் கோணிப்பையில் கட்டிச் சலீம் பாய் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். எடைக்குப் போட. இனி படிக்கப் போவதில்லை என்று சொன்னாராம். பாய் கோணியைப் பார்த்தார், தராசைப் பார்த்தார். "தராசு முத்திரை போடறதுக்குப் போவுதுங்கண்ணா. வெச்சிட்டுப் போங்க. ஞாயித்துக்கெழமை எடை பாக்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டு, ஷிப்ட் முடிந்து வந்த என்னைத் தெருவிலேயே மடக்கினார்.

"தம்பி, அந்த மூட்டைய என் தராசுல ஏத்த எனக்கு மனசு வரல. நீங்கல்லாம் படிச்ச புள்ளைங்க. ஒரு மூணாம் பாகம் எழுதினா என்னா?"

ஞாயிறு வரைதான் நேரம். நாவலின் கடைசி அத்தியாயங்கள், அதுவும் பவழமல்லனின் நடையில். நானும் தேவகோட்டையும் வாசற்படியில் இடம் மாறிக்கொள்ளும் நேரத்தில் ஒரு வார்த்தை பேசிக்கொண்டோம். அவன் யோசிக்கவே இல்லை. "மூணாப் பிரிச்சுக்கிருவோம். முன்னாடி நான், நடுவுல நீ, கடைசி பாய். தனித்தனியா எழுதிப் பாய் கடையில குடுத்துருவோம். அப்பத்தான் வேலை முடியும்" என்றான். எங்களுக்கு எதையும் அப்படித்தான் செய்யத் தெரியும். ஒருவன் செய்ததை மற்றவன் பார்க்கவில்லை. பார்க்க நேரமும் இல்லை. நான் உள்ளே வரும்போது அவன் வெளியே போய்க்கொண்டிருப்பான்.

பாய் மூன்றையும் அடுக்கி, பக்கத்து டி.டி.பி. சென்டரில் கொடுத்தார். அங்கே வழக்கமாக மனுக்களும் கல்யாணப் பத்திரிகைகளும்தான் அடிப்பார்கள். அவசரத்தில் வந்து நின்ற பிரதியில் ஒவ்வொரு பக்கத்தைச் சுற்றியும் மாவிலைத் தோரணம் இருந்தது. திருத்த நேரமில்லை. முதுகில் இன்சுலேஷன் டேப் ஒட்டினோம்.

ஞாயிற்றுக்கிழமை. அன்றும் நல்ல பனி. மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் தொழிற்சாலைகள் இல்லை, புகைபோக்கிகளின் நுனிகள் மட்டும் வெள்ளைத் தண்ணீரில் நட்ட கழிகள்போலத் தெரிந்தன. மூணாம்பாகம் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். பாய் கொண்டுபோய்க் கொடுத்தார். மெட்ராஸ் பக்கமிருந்து வந்தது, பவழமல்லன் வீட்டு அலமாரியில் இருந்ததாம் என்று நாங்கள் ஒத்திகை பார்த்த பொய்யைத் தேவகோட்டை சொன்னான். அவர் தலையாட்டிவிட்டுப் படிக்கத் தொடங்கினார்.

அவர் எப்போதும் விரலை வரியின் கீழ் நகர்த்தித்தான் படிப்பார். அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றோம். என் பகுதியை நிற்காமல் தாண்டியது. பாயின் பகுதியில் விரல் ஓர் இடத்தில் நின்றது. பின்னால் போனது. தேவகோட்டையின் பகுதிக்குப் போய் நின்றது. மறுபடி என்னுடையதுக்கு வந்தது. புகைபோக்கிகள் மெல்ல முழு உயரத்துக்கு வளர்ந்துகொண்டிருந்தன.

கடைசிப் பக்கத்தை மூடினார். எங்களைப் பார்த்தார்.

"நீங்க மூணு பேரும் கொஞ்சம் உக்காருங்க" என்றார்.

மிகுந்த மரியாதையோடுதான் சொன்னார். அனந்தசயனம் எதற்காக நாற்காலி கொடுக்கிறார் என்பது அன்றைக்குத்தான் எனக்கு முழங்காலில் புரிந்தது. தண்ணீர்த் தொட்டியின் சிமெண்டு விளிம்பில் நெருக்கியடித்து உட்கார்ந்தோம்.

"முன்னால அனந்தசயனம் டாக்டர உக்கார சொல்றாரு. நடுவுல மைத்துனன உக்கார சொல்றாரு. கடைசில மண்டிக்காரர உக்கார சொல்றாரு. அந்த வெயிட்டிங் ரூம்ல இருக்கறது ஒரே பெஞ்சு. மூணு பேரும் ஒட்டிக்கினு உக்காந்துட்டு இருக்காங்க. இப்ப நீங்க உக்காந்திருக்கற மாதிரி."

தேவகோட்டை என்னைப் பார்த்தான். நான் பாயைப் பார்த்தேன். அப்போதுதான் எங்கள் மூவருக்கும் தெரிந்தது. தேவகோட்டைக்கு ஒரு டாக்டர்மேல் பழைய கோபம், ஊசி விஷயத்தில். பாய்க்கு மண்டிக்காரர் என்றாலே ஆகாது. மைத்துனன் ஏன் என்பதை நான் இந்தப் பத்திரிகையில் எழுத முடியாது, என் வீட்டில் இதை வாங்குகிறார்கள்.

"அண்ணே, பவழமல்லனுக்குக் கடைசிக் காலத்துல உடம்பு முடியாம, மறதியில..." என்று தேவகோட்டை ஆரம்பித்தான்.

"மறதி சரிங்க" என்றார் மூணாம்பாகம். பிரதியைத் திருப்பி, கடைசிப் பக்கத்தின் அடியை விரலால் காட்டினார். டி.டி.பி. சென்டர்க்காரர் பழைய கல்யாணப் பத்திரிகையிலிருந்து எடுக்க மறந்த ஒரு வரி தோரணத்துக்கு உள்ளே இருந்தது: தங்கள் நல்வரவை விரும்பும். "கொலைக்கு எதுக்குங்க இது?"

 கீழே தெருவில் யாரோ ஸ்கூட்டரைக் கிளப்ப முயன்று தோற்றுக்கொண்டிருந்தார். பாய்தான் கடைசியில், "மன்னிச்சுக்கோங்கண்ணா. உங்க மூட்டைய எடை போட மனசு வரல" என்றார்.

மூணாம்பாகம் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. ஃபர்னஸ் கதவைத் திறந்து உள்ளே பார்ப்பதுபோல முகத்தைச் சுருக்கி யோசித்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாக அவர் முகம் தெளிந்தது.

"இது மூணு ஷிப்ட்டுல நடந்த கொலைங்க. ஒருத்தன் செஞ்சது அடுத்தவனுக்குத் தெரியாது. தனித்தனியா செஞ்சிருக்கானுங்க. அனந்தசயனம் மூணு பேரையும் புடிச்சுட்டாரு. ஒருத்தன் பாக்கி இல்ல." பிரதியைப் பத்திரமாக மடித்து, சுவர்மேல் வைத்து, காற்றில் பறக்காமல் இருக்க டிபன் கேரியர் மூடியை மேலே வைத்தார். "இனிமே அவருக்குப் பயமில்ல. ரெண்டாம் பாகம் குடுங்க."

நான் மாடிப்படியில் ஓடிய வேகத்தில் ஒரு செருப்பு கீழே போய் எனக்காகக் காத்திருந்தது.

அன்று பகல் முழுக்க அவர் மாடியிலேயே இருந்தார். தேவகோட்டை டீ வாங்கி வந்தான். பாய் கடையைத் திறக்கவில்லை. இரண்டாம் பாகத்தில் மைத்துனனும் மண்டிக்காரரும் ஒருவரையொருவர் முறைப்பதை மெல்ல நிறுத்தினார்கள். டாக்டர் பையை மூடிக்கொண்டு சைக்கிளில் பின்னோக்கிப் போனார். வெயில் சாய்ந்தபோது முதல் பாகம் அவர் கையில் இருந்தது. பிளாட்பாரத்தில் கிடந்தவரைச் சுற்றி நின்ற கூட்டம் கலைந்தது. பனி இறங்கத் தொடங்கியது, கதையிலும், எங்கள் தெருவிலும். விரல் வரியின் கீழே மிக மெதுவாக நகர்ந்தது. அவர் சாதாரணமாகப் படிக்கிற வேகத்திலும் மெதுவாக. தூங்குகிறவரை எழுப்பும்போது தோளை எப்படித் தொடுவார்களோ அப்படி.

படித்து முடித்து, குல்லாயைக் கழற்றினார்.

"பதுக்கித்தாரெ" என்றார். "பச்சைக் கொடி காட்டிட்டாரு. வண்டி போயிடுச்சு. ஊட்டுக்காரம்மா தூக்குல இட்லி கொண்டாந்திருக்காங்க. சாப்பிடப் போறாரு."

மறுநாள் கோணிப்பை கட்டிலுக்கடிக்குத் திரும்பியது. பாய் கடையின் தராசு எங்கும் போகவில்லை. எல்லோருக்கும் அது தெரியும். நாங்கள் எழுதிய மூன்றாம் பாகத்தை அவர் அசல் நாவலோடு சேர்த்துப் பின் அடித்து வைத்துக்கொண்டார், தோரணம், நல்வரவு எல்லாவற்றோடும். பவழமல்லனோடு ஒரே அட்டைக்குள் இருக்கும் பெருமை எனக்கு அப்படிக் கிடைத்தது.

நான் ஓசூரை விட்டது 2009-இல். கிளம்புகிற வாரம் அவர் ஒரு புதுக் காரியம் தொடங்கியிருந்தார். 'சிக்னல் விழவில்லை'யில் ஆரம்பித்து, வரிசையை அப்படியே தலைகீழாக, பவழமல்லனின் முதல் நாவலை நோக்கிப் படித்துக்கொண்டு போனார். ஏன் அண்ணா, எல்லாம் படித்ததுதானே என்றேன்.

"இப்ப நடுவுல இருக்கேங்க. அனந்தசயனத்துக்குத் தலை கறுத்துக்கிட்டே வருது. பவழமல்லனும் நல்லா இருக்காரு, இருமல் கிருமல் ஒண்ணும் இல்ல. கடைசிப் புஸ்தகத்துக்குப் போயிட்டா அவருக்கு சின்ன வயசு. பேனாவுல மசி ஊத்திக்கினு இருப்பாரு."

அவர் ஓய்வு பெற்றுத் தளிப் பக்கம் போய்விட்டதாகத் தேவகோட்டை சொல்கிறான். இந்தப் பத்திரிகை அங்கே போகும், பஸ்ஸில் மதியத்துக்குள் போய்விடும். அவர் கையில் கிடைத்தால் எங்கிருந்து படிப்பார் என்று எனக்குத் தெரியும். அதனால் அவரை வரவேற்க வேண்டிய இடம் இதுதான்.

வாங்கண்ணா. உட்காரச் சொல்ல மாட்டேன். இந்த இடத்தில் நமக்கெல்லாம் வயதாகிவிட்டது. மேலே போகப் போகச் சரியாகிவிடும். மெதுவாகப் படித்துக்கொண்டு போங்கள். உச்சியில் ஒரு காலை நேரம் இருக்கிறது, நல்ல பனி, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, உங்கள் டிபன் கேரியர் அப்போதுதான் மிதந்து வந்துகொண்டிருக்கிறது.